பதினாறு பக்கத்தில் சேர்வராயன் மலை: பிள்ளைகளே செய்யும் அறிவியல், வரலாற்றுப் படப் புத்தகம்

கேள்வி: சேலத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பற்றி என் வகுப்புப் பிள்ளைகளே எழுதி, வரைந்து, மூன்றாம் வகுப்புக்குக் கொடுக்க ஒரு படப் புத்தகம் செய்ய வேண்டும். போன வருடம் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு இணையப் படங்களை ஒட்டினோம். சின்னப் பிள்ளைகள் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். எப்படிச் செய்வது?

பதில்: வரிசையை மாற்றுங்கள். முதலில் கேள்வி, பிறகு படம், கடைசியில்தான் எழுத்து. "ஏற்காடு அழகான ஊர்" என்ற வரிக்கு என்ன வரைந்தாலும் அலங்காரம்தான். "சேலத்தில் வியர்க்கும்போது ஏற்காட்டில் ஏன் ஸ்வெட்டர்?" என்று கேட்டால் பதிலைப் படமே சொல்லும். எதிரெதிர் இரண்டு பக்கத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு 40 சொற்களுக்குள் எழுத்து. அதற்கு மேல் போனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்காது.

இந்த ஸ்வெட்டர் கேள்விக்குத் தேவை மலையின் குறுக்குவெட்டுப் படம், அதாவது மலையை நேராக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படம். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். ஆக இங்கே 8 டிகிரி வித்தியாசம். வரையும்போதுதான் சிக்கல் வரும். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்தால் மலை 1.2 சென்டிமீட்டர்தான் நிற்கும், மேடு மாதிரி. உயரத்தை மட்டும் 4 மடங்கு கூட்டி, 5 சென்டிமீட்டராக வரையச் சொல்லுங்கள். "உயரம் 4 மடங்கு கூட்டிக் காட்டியிருக்கிறோம்" என்று படத்தின் கீழேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் படம் தப்பு. இன்னொன்று, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிள்ளைகள் இதிலேயே வரையப் பார்ப்பார்கள். வளைவுகள் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில்தான் தெரியும். குறுக்குவெட்டு பக்கவாட்டுப் பார்வை. இரண்டையும் கலக்க விடாதீர்கள்.

வரைபடத்தில் வடக்குக் குறியோடு, ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று காட்டும் அளவுக்கோடு ஒன்றும் போடுங்கள். "1 செ.மீ. = 1 கி.மீ." என்று எழுத்தில் மட்டும் வைத்தால், ஜெராக்ஸில் சிறிதாக்கியதும் அது பொய்யாகிவிடும். கோடாக இருந்தால் படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும்.

சேலத்தருகே கிடைக்கும் மேக்னசைட் என்ற வெள்ளைக் கல்லுக்கான பக்கத்தில் கவனம். அது கிடைக்கும் குன்றுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' (சுண்ணக்கட்டிக் குன்றுகள்) என்று அழைத்ததால் பிள்ளைகள் சுண்ணாம்புக்கல் என்றே எழுதுவார்கள். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட், இது மெக்னீசியம் கார்பனேட். இரண்டிலும் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்கட்டும். சுண்ணாம்புக்கல் நுரைக்கும், மேக்னசைட் ஏறக்குறைய சும்மா இருக்கும். இந்த இரண்டு சொட்டையும் அருகருகே வரைந்தால் ஒரு அருமையான பக்கம் கிடைத்துவிடும். எஃகு உலைகளுக்குள் பதிக்கும், சூடு தாங்கும் செங்கல் இந்தக் கல்லிலிருந்துதான் செய்கிறார்கள் என்பதைக் கீழே ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

காலக்கோடு ஒன்று போதாது. மலையின் சார்னகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. காப்பி வந்தது கலெக்டர் எம்.டி. காக்பர்ன் காலத்தில், 1820-களில். ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்தால் கோடே இரண்டரை மீட்டர் நீளும். அதில் காப்பியின் 200 ஆண்டுகள் கண்ணுக்கே தெரியாது. பாறைக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று என இரண்டு கோடுகள் போடுங்கள்.

புகைப்படக் கலையை உலகுக்கு அறிவித்ததே 1839-இல்தான். ஆகவே காப்பி முதலில் நட்ட காட்சியை வரைந்தால் "கற்பனை ஓவியம்" என்று கட்டாயம் எழுத வேண்டும். சில்வர் ஓக் பிற்காலத்தில் இங்கே வந்த ஆஸ்திரேலிய மரம், அதை அந்தக் காட்சியில் நிறுத்தாதீர்கள். காப்பிப் பழத்தை நிஜ அளவில் வரைந்து, வெட்டி உள்ளே இரண்டு கொட்டைகளைக் காட்டலாம். காட்டெருமைக்குப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அதே அளவுமுறையில் நிறுத்தினாலே போதும், அது எவ்வளவு பெரியது என்று புரிந்துவிடும்.

இனிக் கட்டுமானம். நான்கு ஏ4 தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்தால் 16 பக்கம். வெற்றுத் தாளில் மாதிரி செய்து எண் போட்டுப் பிரியுங்கள்: 16-உம் 1-உம் ஒரு பக்கத்தில், பின்னால் 2-உம் 15-உம். தாளின் ஒரு முகத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். வராவிட்டால் அங்கே தப்பு. நடுவிலுள்ள 8, 9 மட்டும்தான் ஒரே தாளில் ஓடும், குறுக்குவெட்டுப் படத்துக்கு அதுவே இடம். மற்ற இடங்களில் மடிப்பை ஒட்டி 1.5 சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். தாள் 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும், 75-இல் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் தெரியும். இருபக்கமும் பிரிண்ட் எடுக்கும்போது குறுகிய ஓரத்தில் திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

அட்டை தனித் தாள், கெட்டியாக. முதுகில், அதாவது மடிப்பில், அட்டையோடு சேர்த்து மூன்று துளை. அரை மீட்டர் மெழுகு நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே இழுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, உள்ளேயே கீழ்த்துளைக்குப் போய் வெளியே வந்து, நடுவில் திரும்ப உள்ளே விட்டு, நீண்ட நூலுக்கு இரு பக்கமும் முனைகளைப் பிடித்து முடிச்சிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு பிரதி தையுங்கள். அதை ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, எழுத்தை மறைத்து, ஒவ்வொரு படமும் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதில் வராத படங்களைத் திரும்ப வரைந்த பிறகு மற்றப் பிரதிகளை எடுக்கலாம்.