தார்ச்சாலையின் நடுக்கோடு எல்லை ஆகாது

நிலமும் எல்லையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் வழியாகச் செல்லும் மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்கள். சென்ற வாரம் ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்து, தார்ச்சாலையின் நடுவிலிருந்து டேப் பிடித்து அளந்து, எங்கள் சுற்றுச்சுவருக்கு உள்ளே நான்கடி வரை சாலைப் புறம்போக்கு என்று சொல்லிச் சுவரில் சிவப்புக் குறி போட்டுச் சென்றார்கள். சாலை எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. 1994ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி என்று உள்ளது. பட்டாவும் என் பெயரில் உள்ளது. நோட்டீஸ் எதுவும் வரவில்லை. சுவரை நாங்களே இடித்துக்கொள்ள வேண்டுமா?
(வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: இப்போதைக்கு இடிக்காதீர்கள். சுவரில் போட்ட குறி நோட்டீஸ் ஆகாது. ஆக்கிரமிப்பு என்று கருதினால், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படியோ 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படியோ எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே அகற்ற முடியும். உங்கள் பட்டா நிலமே சாலைக்குத் தேவைப்படுகிறது என்றால் அது ஆக்கிரமிப்பு அகற்றம் அன்று, நில எடுப்பு. அதற்கு இழப்பீடு உண்டு. ஆகவே அந்த நான்கடி யாருடையது என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால்தான் மற்றவை தெளிவாகும்.

அந்த விடை தார்ச்சாலையின் நடுவில் இல்லை. தார் போடப்பட்ட பகுதி புறம்போக்கின் நட்டநடுவில்தான் ஓட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை; பல ஆண்டுகளாக மரத்தையும் கோயிலையும் வாய்க்காலையும் ஒதுக்கிப் போடப்பட்ட சாலை ஒரு பக்கமாகத் தள்ளியிருப்பது எல்லா ஊரிலும் காணக்கூடியது. சாலைக்குத் தனிப் புல எண் (சர்வே எண்) உண்டு. அதன் அகலம் இடத்துக்கு இடம் மாறும். அந்த அகலம் புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், குறிக்கப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கத்தார் முன்னே வந்து, அதனால் தார்ச்சாலை உங்கள் பக்கம் மூன்றடி தள்ளியிருந்தால், நடுவிலிருந்து அளக்கும்போது அந்த மூன்றடியும் உங்கள் தலையில் விழும். எனவே உங்கள் புலத்தின் படத்தோடு சாலையின் படத்தையும் எதிர்ப்பக்கப் புலத்தின் படத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

நான் உடன் நின்று பார்த்த ஓர் அளவையில், புலத்தின் மூலைக்கல் ஒரு டீக்கடை அடுப்புக்குக் கீழே இரண்டடி மண்ணுக்குள் கிடந்தது. கடைக்காரர் மனமுவந்து அடுப்பை நகர்த்தக் கடப்பாரை போட்டுத் தோண்டினார்கள். கல் தென்பட்டதும் அதிலிருந்து சங்கிலி பிடித்தபோது, காலையில் ஒப்பந்ததாரர் காட்டிய கோட்டுக்கும் உண்மையான எல்லைக்கும் ஐந்தடி வேறுபாடு இருந்தது. கல்லைத் தேடாமல் தொடங்கும் எந்த அளவையையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அதே நேரத்தில் உங்கள் பத்திரத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2,400 சதுர அடி என்பது ஏறத்தாழ ஐந்தரை சென்ட், மெட்ரிக் கணக்கில் 2.23 ஏர் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்). பட்டாவில் 2 ஏர் மட்டும் இருந்தால் 247 சதுர அடி குறைகிறது. சாலையோரம் 60 அடி நீளத்துக்கு அது நான்கடி அகலத்துக்குச் சற்றுக் கூடுதல். அப்படியானால் உங்களுக்கு விற்றவர் தமக்கு இல்லாத இடத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கலாம். பத்திரத்தின் சக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், 'ரோட்டுக்கு மேற்கு' என்று எழுதியிருப்பது பக்கத்து நிலத்தாரிடம் வாதாட உதவும். புறம்போக்கை உங்களுடையதாக ஆக்கிவிடாது. மாறாக, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது பரப்பைக் குறைத்து எழுதிவிட்ட பிழையாகவும் இது இருக்கலாம். அதை யு.டி.ஆருக்கு முந்தைய நிலப் பதிவேடான பழைய செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுச் செய்து திருத்தக் கேட்கலாம்.

இன்றே செய்ய வேண்டியது, நிலத்தை அளந்து அத்து (எல்லை) காட்டும்படி வட்டாட்சியருக்கு மனுக் கொடுப்பது. அளவை நாளில் நெடுஞ்சாலைத்துறை உதவிக் கோட்டப் பொறியாளரும் இருக்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்டு, அவருக்கும் நகல் அனுப்பிப் பதிவுத்தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சிவப்புக் குறியோடு சுவரைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அளவைக்கு முன்பே இயந்திரம் வந்துவிடும் நிலை ஏற்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் அரசின் மீது வழக்குப் போட இரண்டு மாத முன்னறிவிப்புத் தேவை. அவசரம் இருந்தால் நீதிமன்ற அனுமதியுடன் அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: தேசிய நெடுஞ்சாலைக்காக நாளிதழில் வந்த அறிவிப்பில் எங்கள் புல எண்ணும் உள்ளது. வீட்டுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. காத்திருக்கலாமா?
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: காத்திருக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி, நில எடுப்பு நோக்க அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். உட்பிரிவு எண், பரப்பு, வீடா தோட்டமா என்ற விவரம் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். இவற்றில் உள்ள பிழைதான் பிறகு இழப்பீட்டில் வந்து நிற்கும். தொகை போதவில்லை என்றால் அதற்கு நடுவரிடம் (ஆர்பிட்ரேட்டரிடம்) போகலாம்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பட்டா நிலத்தில் பத்தடியை எடுத்துச் சாலை போட்டார்கள். அப்பா அப்போது பயந்து பேசாமல் இருந்துவிட்டார். காசும் தரவில்லை, கடிதமும் இல்லை. இனிமேல் கேட்க முடியுமா?
(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: முடியும், அம்மா. இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68இல் நில எடுப்பு நடவடிக்கை ஏதும் இன்றிச் சாலைக்கு எடுக்கப்பட்ட நிலத்துக்காக, எழுத்தறிவில்லாத எண்பது வயதுக் கைம்பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு ஜனவரியில் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார் என்ற வாதத்தையும், நீண்ட காலம் அனுபவித்ததால் நிலம் தனக்கே சொந்தம் என்ற அரசின் வாதத்தையும், காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தின் வழியே அன்றி ஒருவருடைய சொத்தைப் பறிக்கலாகாது என்னும் அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவே அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை.

உங்கள் அப்பா பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது. ஆனால் சாலைக்காக இடத்தைத் தானமாகக் கொடுத்ததாக ஊராட்சியிலோ வேறு அலுவலகத்திலோ எழுதிக் கையெழுத்திட்டாரா என்பதை அவரிடம் நிதானமாகக் கேட்டறியுங்கள். அப்படி ஒரு தாள் இருந்தால் நிலைமை வேறு. இல்லையென்றால், சாலைக்கு முந்தைய புலப்படம், அக்காலப் பட்டா நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். மனுவில் பரப்பைச் சதுர மீட்டரில் எழுதுங்கள், ஏனெனில் அவர்கள் பதிவேடு மெட்ரிக் அளவில்தான் இருக்கும்.