குரலைத் திட்டாதீர்கள், கோப்பைப் பாருங்கள்: கேள்வி பதில்

எனக்குப் பார்வை கிடையாது. பதினெட்டு வருஷமாகக் கணினி வாய்விட்டுப் படிக்கிறது, நான் கேட்கிறேன். செய்தித்தாள், வங்கிக் கணக்கு, தம்பி பெண்டாட்டி அனுப்பும் கருவாட்டுக் குழம்புக் குறிப்பு எல்லாம் அப்படித்தான் எனக்கு வந்து சேருகின்றன. இன்று ஞாயிற்றுக்கிழமை, கணினியைப் படிக்க வைத்துக் கேட்பது பற்றிய கேள்விகளுக்குச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பதில் சொல்கிறேன். ஐபோன் பற்றிக் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

முத்தியால்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: கண்ணில் புரை. ஓய்வூதியர் சுற்றறிக்கை பிடிஎஃப்பாக வருகிறது. எட்ஜ் உலாவியில் திறந்து வாசிக்கச் சொன்னால் ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. திரையிலோ நல்ல தமிழ்தான் இருக்கிறது என்கிறான் பேரன். குரல் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை ஐயா. உங்கள் பேரன் பார்ப்பது எழுத்தின் உருவம். குரல் படிப்பது அந்த உருவத்துக்கு அடியில் கிடக்கும் எண்ணை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுத் தரம் யூனிகோடு. அதில் தமிழுக்கென்று தனி இடம் 1991-லேயே ஒதுக்கியாகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வந்த பாமினி வகை எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் வீட்டில் தமிழ் உருவங்களைக் குடிவைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். குரல் அதை அப்படியே படிக்கிறது. அது என்ன செய்யும், பாவம்.

எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலையாக ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டச் சொல்லுங்கள். தமிழாக வந்தால் குரலும் தமிழாகப் படிக்கும். ஆங்கிலக் கந்தலாக வந்தால் பழைய எழுத்துரு. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம், ஓசிஆர், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலை, செய்யாமல் ஒரு சொல்கூட வராது.

இன்னொரு தொல்லையும் உண்டு. யூனிகோடுதான், ஆனால் 'கொடி' என்ற சொல் ஒற்றைக்கொம்பு முன்னே, துணைக்கால் பின்னே என்று சிதறி வரும். பிடிஎஃப் பல நேரம் எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடுக்கிவிடுகிறது. படிக்கிற வரிசை வேறு. அதைச் சரிசெய்ய உட்காருவதைவிட, அனுப்பியவரிடம் வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குவது சுலபம். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டின்போதே தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டது. இன்னும் பாமினியில் சுற்றறிக்கை அடிக்கிறவர்களை என்ன சொல்ல.

அரியாங்குப்பம்: எந்த ஆப் நல்லது?

பதில்: கணினியா கைபேசியா, எந்த மொழி, என்ன படிக்க? மூன்றையும் சொல்லுங்கள்.

கடலூர் ஓ.டி., போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி: தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய்வருகிறேன். நான் தட்டச்சு செய்த குறிப்புகளை எம்பி3 ஆக்கிக் கேட்க முடியுமா அண்ணா?

பதில்: தாராளமாக. பலபோல்கா என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. ரஷ்ய மொழியில் அந்தப் பெயருக்கு வாயாடி என்று பொருள். கணினியில் நிறுவிய குரல் எதைக் காட்டினாலும் அதில் படித்து ஒலிக்கோப்பாகச் சேமித்துத் தரும். தமிழ்க் குரலுக்கு ஈஸ்பீக் என்ஜி போதும். இலவசம், இணையமும் வேண்டாம். முதல் நாள் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள், பழகிவிடும்.

அதற்கு முன் குறிப்புகளைக் காதுக்கு ஏற்ற மாதிரி திருத்து. 'கி.பி.' என்று எழுதினால் புள்ளிக்குப் புள்ளி மூச்சு வாங்கும். '1.11.1954' என்பதைத் தசம எண் போலப் படித்தாலும் படிக்கும். '1954 நவம்பர் 1' என்று மாற்று. நம் புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது அந்த நாள், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இரண்டையும் குழப்பிக் கேள்வி வரும், காதில் தெளிவாக விழ வேண்டும். அட்டவணையை அப்படியே கொடுக்காதே, வாக்கியமாக்கு. ஒரு கோப்பு பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாய்.

புதுச்சேரி, சொல்தா குடும்பம்: தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாட்டிக்கு வரும் பென்ஷன் கடிதங்கள் பிரெஞ்சில். பாட்டிக்குப் பிரெஞ்சு கேட்டால் புரியும், படிக்கக் கண் இல்லை. கணினி படிக்கிறது, ஆனால் பாட்டி "இது என்ன பாஷை?" என்கிறார்.

பதில்: இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். உங்கள் கணினி பிரெஞ்சை ஆங்கிலக் குரலில் படிக்கிறது. பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஊமை. ஆங்கிலக் குரலுக்கு அது தெரியாது, எழுதியிருப்பதை எல்லாம் உச்சரிக்கும். நம் பழைய பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவை அதனிடம் கொடுத்துப் பாருங்கள், பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸையும் விடாமல் 'டூப்ளெக்ஸ்' என்று கடையின் பெயர் மாதிரி சொல்லும்.

எட்ஜில் கோப்பைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் தேர்வில் பிரெஞ்சுக்குப் போனால் டெனிஸ் என்ற பெண் குரலும் ஆன்ரி என்ற ஆண் குரலும் இருக்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பாட்டி சிரிப்பார், எனக்கு எழுதுங்கள். வேர்டு கோப்பானால் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அதன் மொழி பிரெஞ்சு என்று குறித்துவிடுங்கள். தமிழும் பிரெஞ்சும் கலந்த கடிதத்தில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் குரலைத் தானே மாற்றிக்கொள்ள அந்தக் குறிப்புதான் வேண்டும். காகிதமாக வந்த கடிதத்தை ஸ்கேன் செய்தால் ஓசிஆரிலும் மொழியைப் பிரெஞ்சு என்று சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எழுத்தின் தலையில் இருக்கும் குறிகள் எல்லாம் உதிர்ந்துபோகும்.

வீட்டில் கையால் எழுதிய பழைய பிரெஞ்சுப் பத்திரம் இருந்தால் அதை எந்திரத்திடம் கொடுக்காதீர்கள். பிரெஞ்சு தெரிந்த பெரியவரைப் பிடியுங்கள்.

மஞ்சக்குப்பம், வக்கீல் குமாஸ்தா: ஒரு இணையதளத்தில் பத்திரத்தை ஏற்றினால் இலவசமாகப் படித்துக் காட்டுகிறது. நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். கட்சிக்காரரின் சர்வே எண், ஆதார், கையெழுத்து எல்லாம் யார் கணினியில் போய் உட்காருகிறது என்று கேட்டீர்களா? எட்ஜின் நல்ல குரல்களும் இணையம் இருந்தால்தான் பேசும்; அதாவது வாக்கியம் வெளியே போய்த்தான் குரலாகத் திரும்புகிறது. சுற்றறிக்கைக்கு அது போதும். பத்திரத்துக்கு, கணினிக்குள்ளேயே இருக்கும் குரல்தான். விண்டோஸ் அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து பேச்சுத் தொகுப்பையும் இறக்கினால் வள்ளுவர் என்ற குரல் வரும். ஓசிஆருக்கும் அப்படியே: கூகுள் டிரைவில் படத்தை டாக்ஸாகத் திறந்தால் தமிழ் நன்றாக வரும், ஆனால் வெளியே போகும். டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலை நிறுவித் தமிழ்த் தரவைச் சேர்த்தால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடியும்.

நெல்லிக்குப்பம்: காதுக்குள் வைக்கும் இயர்போனில் கேட்டுக் கேட்டுக் காது வலிக்கிறது.

பதில்: கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள் அக்கா.

பாகூர், எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா: மகனுக்குப் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. கணினி வாங்கினோம். இனி பிரெய்ல் வேண்டாம், எல்லாம் கேட்டே படிக்கலாம் என்கிறார் அவன் மாமா. சரியா? இன்னொன்று, கணினி எங்கள் ஊர் பெயரையே தப்பாகச் சொல்கிறது என்று பையன் சிரிக்கிறான்.

பதில்: மாமாவிடம் நான் பேசுகிறேன், எண்ணைக் கொடுங்கள். பிரெய்லை விடாதீர்கள் அம்மா. கேட்டே படித்த பிள்ளைக்கு எழுத்துப்பிழை தெரியாது. ரகர றகரமும் னகர ணகரமும் காதில் விழுவதில்லை, விரலில்தான் படும். கணக்குக்கும் விரல்தான். இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

கணினிக்கு என்விடிஏ போடுங்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர் ஒருவர் தொடங்கியது, காசு கிடையாது. ஈஸ்பீக் கூடவே வருகிறது. இன்சர்ட் சாவியோடு கீழ் அம்பு அழுத்தினால் தொடர்ந்து படிக்கும், கன்ட்ரோலைத் தட்டினால் வாயை மூடும். முதல் மாதம் இந்த இரண்டு போதும். புத்தகங்களுக்கு 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பையனைச் சேருங்கள். பாடப்புத்தகத்தை அவன் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்ற 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. பள்ளியில் யாராவது "காப்பிரைட்" என்று இழுத்தால் இதைச் சொல்லுங்கள்.

ஊர்ப்பெயர் விஷயம்: பெயர்ப்பலகையில் பாகூர் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தில் தொடங்குகிறது. கணினி அதைப் பதினாறாம் எழுத்து போலச் சொல்கிறது. இந்த வித்தியாசத்தை இங்கே தமிழில் எழுதிக் காட்டவும் வழியில்லை, பாருங்கள்!

புதுச்சேரி, மென்பொருள் வேலை: அதைத்தான் சொல்கிறேன் சார். 'காந்தி வீதி'யைக்கூட ஈஸ்பீக் சரியாகச் சொல்லவில்லை. தமிழில் ஒரே க, ஒரே ப. இந்தி மாதிரி நாலு வைத்திருந்தால் எந்திரம் திணறுமா? குறை எழுத்தில்தான்.

பதில்: வந்துட்டீங்களா தம்பி. நாலு க வைத்திருக்கும் இந்திக்காரருக்கு, எந்த எழுத்தின் அகரத்தை விழுங்குவது, எதை விடுவது என்று வேறு தலைவலி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை 'ரீட்' என்றும் 'ரெட்' என்றும் படிக்க வேண்டும். தமிழில் விதி சுத்தம்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் அதிர்வு, உயிர்களுக்கு நடுவே தளர்வு. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் க வேறு வேறு. எந்திரம் மூன்றையும் தப்பில்லாமல் சொல்லும். தடுமாறுவது வந்தேறிச் சொல்லில்தான்.

திருப்பாதிரிப்புலியூர், தமிழாசிரியர்: அப்படியானால் எந்திரம் சொல்வதே சரி. பிறமொழிச் சொல் தமிழுக்குள் வந்தால் தமிழ் ஒலியோடு நடக்க வேண்டும். முதலில் வல்லினம் வல்லினமாகவே ஒலிக்கும். மாற வேண்டியது நம் நாக்கு.

பதில்: ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் திருப்பாதிரிப்புலியூர் நிறுத்தத்தில் நின்று 'பஸ்' வந்துவிட்டதா என்று எப்படிக் கேட்பீர்கள்?

தமிழாசிரியர்: பேருந்து என்பேன்.

பதில்: தப்பித்துவிட்டீர்கள்.

மென்பொருள் வேலை: 'பாவம்' என்ன சார் ஆகும்? செய்த பாவம் ஒன்று, பரதநாட்டியத்தில் முகத்தில் காட்டும் பாவம் ஒன்று. வந்தேறி, உள்ளூர் என்று பிரித்தால் இரண்டும் வந்தேறிதானே?

பதில்: நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். அங்கே விதி உதவாது, வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதக் குரல் பதிவுகளைக் கேட்டுக் கற்ற புதிய குரல்கள் காந்தியை ஒழுங்காகச் சொல்வது அதனால்தான். எட்ஜில் பல்லவி என்ற குரலைக் கேளுங்கள். ஈஸ்பீக் விதியையும் ஒரு விதிவிலக்குப் பட்டியலையும் வைத்துக் காலம் தள்ளுகிறது. அதற்கு எழுத்தைத் திருத்த வேண்டாம், பட்டியலைத் திருத்துங்கள். என்விடிஏவில் பேச்சு அகராதி இருக்கிறது. நான் அதில் 'காந்தி'க்குப் பதிலாக ஆங்கில எழுத்தில் காந்தியை எழுதி வைத்திருக்கிறேன், ஆங்கில விதிப்படி படித்துவிடும். பாகூருக்கும் அதையே செய்யலாம் அம்மா, பையனையே செய்யச் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்: தமிழ்ப் பெயரைத் தமிழ்க் கணினியில் ஆங்கிலத்தில் எழுதி வைப்பது அடிமைத்தனம்.

பதில்: என் காதுக்குள் நடப்பது, யாருக்கும் தெரியாது. அடுத்த கேள்வி.

தவளக்குப்பம்: பிடிஎஃப் படிக்க மாட்டேன் என்கிறது.

பதில்: நோட்பேடு. முத்தியால்பேட்டை ஐயாவுக்குச் சொன்னது.

வில்லியனூர்: என் பிடிஎஃப்பும் வாசிக்கவில்லை.

பதில்: நோட்பேடு.

பண்ருட்டி: 1950-களில் அச்சான குடும்பப் புத்தகத்தை ஸ்கேன் செய்தேன். ஓசிஆர் மற்ற இடங்களில் பரவாயில்லை, சில எழுத்துகளில் மட்டும் தொடர்ந்து சறுக்குகிறது.

பதில்: அப்பாடா, ஒரு புதுக் கேள்வி. எந்த எழுத்துகள் என்று நானே சொல்கிறேன்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை. 1978-ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் சீர்திருத்த எழுத்தை ஏற்கும் முன் அச்சான புத்தகங்களில் இவற்றுக்குச் சுழித்த வடிவம், தும்பிக்கை போட்ட வடிவம். இன்றைய எழுத்தைப் பார்த்துக் கற்ற ஓசிஆருக்கு அவை அந்நியம். பக்கத்தை 300 டிபிஐ நுணுக்கத்துக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஒரே மாதிரி தப்பு திரும்பத் திரும்ப வருவதைப் பட்டியல் போட்டு, தேடி மாற்றுங்கள். முழுச் சொல்லாக மாற்றுங்கள், தனி எழுத்தாக மாற்றினால் சரியாக இருந்ததும் கெடும். கண் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பலாப்பழம் உரிக்கிற மாதிரிதான், பிசின் கையில் ஒட்டும்.

காராமணிக்குப்பம்: நீங்கள் எவ்வளவு வேகத்தில் கேட்கிறீர்கள்?

பதில்: என் மனைவிக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் வேகத்தில். ஈஸ்பீக்கின் தகரக் குரலை நான் விடாததற்குக் காரணம் அதுதான். எவ்வளவு ஓட்டினாலும் எழுத்து உடையாது. இனிமையான குரல்கள் அந்த வேகத்தில் குழைந்துவிடும். கதை கேட்கப் பல்லவி, வேலைக்குத் தகரம்.

கடலூர் முதுநகர்: இறந்துபோன அப்பாவின் பழைய குரல் பதிவுகள் இருக்கின்றன. அவர் எழுதிய கடிதங்களை அவர் குரலிலேயே கணினியைப் படிக்க வைக்க முடியுமா?

பதில்: அந்தத் தொழில்நுட்பம் வந்துவிட்டது, ஆனால் என் துறை இல்லை, தெரியாமல் வழிகாட்ட மாட்டேன். பதிவுகளை மட்டும் இன்றைக்கே இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். இணையதளம் எதிலும் ஏற்றாதீர்கள்.

அரியாங்குப்பம்: நான்தான் முதலில் கேட்டேன். கணினி, தமிழ், வாரப் பத்திரிகை படிக்க. எந்த ஆப் நல்லது?

பதில்: பத்திரிகை இணையத்தில் இருந்தால் எட்ஜ், பல்லவி குரல். பிடிஎஃப்பாக இருந்தால்…

அரியாங்குப்பம்: நோட்பேடு.

பதில்: அதேதான். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.