பிரான்சின் லே மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் இப்போது ஏன் 400 கி.மீ. வேகம் எட்டப்படுவதில்லை?

அன்றைய எஞ்சின்தான் பலசாலி என்று நினைக்காதீர்கள், காரணம் பாதை. அதிலுள்ள முல்சான் என்ற நேர்ப்பாதை கிட்டத்தட்ட 6 கி.மீ. மற்ற நாட்களில் அது லாரி ஓடும் பொதுச்சாலை! 1988-இல் ரோஜே டோர்ஷி, பெஜோ எஞ்சின் பூட்டிய டபிள்யூ.எம். காரில் அங்கே 405 கி.மீ. தொட்டார். அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவில்லை என்பது வேறு கதை.

அந்த வேகத்தில் டயர் வெடித்தால் ஓட்டுநர் கையில் எதுவும் இல்லை. 1986-இல் ஓட்டுநர் யோ கார்ட்னர் அந்த நேர்ப்பாதையில்தான் இறந்தார். 2 கி.மீ.க்கு மேல் நேர்ப்பாதை கூடாது என்று விதி வந்ததும், 1990-இல் நடுவே இரண்டு வளைவுகளைச் செருகினார்கள். பிரேக் பிடிக்காமல் வழியில்லை.

அதோடு ஆபத்து தீர்ந்ததா? 1999-இல் பீட்டர் டம்பிரெக்கின் மெர்சிடிஸ், அடியில் காற்று புகுந்து தூக்க, பல்டியடித்துத் தடுப்பைத் தாண்டி மரங்களுக்குள் விழுந்தது. ஆள் பிழைத்தார்.