இதய ஆபரேஷன் முடிந்த குழந்தைகள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடையைப் பற்றியவை. சிலர் என்ன ஆபரேஷன் என்றே எழுதவில்லை. “இதயத்தில் ஓட்டை, அடைத்துவிட்டார்கள்” என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? எந்த ஓட்டை, எந்த வயதில் அடைத்தது, கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) என்ன சொன்னது? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஐந்தாவது மாதத்தில் வி.எஸ்.டி. (இதயக் கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை) அடைத்தோம். மூன்று மாதம் ஆகிறது. எடை கூடுகிறது, உயரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

எடைதான் முதலில் ஏறும். உயரம் சில மாதம் பின்னால் வரும். ஆபரேஷனுக்கு முன்பு நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போனதால், குடித்த பாலில் பெரும்பகுதி மூச்சு வாங்கவும் இதயம் அடித்துக்கொள்ளவுமே செலவானது. இப்போது அந்தச் செலவு நின்றுவிட்டது. பெரும்பாலான குழந்தைகள் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஓரளவு எட்டிப் பிடிப்பார்கள், சிலருக்கு இரண்டு வருடம் ஆகும். பிறக்கும்போதே எடை குறைவாக இருந்த குழந்தையும், மரபணுக் கோளாறு உள்ள குழந்தையும் இந்தக் கணக்கில் வராது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு வளர்ச்சி அட்டவணையே வேறு.

மாதம் ஒரு முறை, அதே தராசில் எடை பாருங்கள். அட்டவணையில் கோடு மேலே போகிறதா என்பதே கேள்வி. பக்கத்து வீட்டுக் குழந்தை அளவுகோல் அல்ல. இரண்டு மூன்று மாதமாகியும் எடை அசையவே இல்லை என்றால் அடைத்த இடத்தில் மிச்சக் கசிவு இருக்கிறதா, தைராய்டு சரியா, குடிக்கும் பால் போதுமா என்று பார்க்க வேண்டும்.

குழந்தை எடை ஏற நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள்.

வயதுகூட எழுதாமல் டானிக் கேட்கிறீர்கள். ஒன்றும் வேண்டாம். பால் பவுடரைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுப்பதையும் மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள்.

மகனுக்கு நான்கு வயதில் டி.ஓ.எஃப். (கீழறைச் சுவரில் ஓட்டையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பும் சேர்ந்த பிறவிக் கோளாறு) ஆபரேஷன். இப்போது 13. நன்றாக இருப்பதால் ஐந்து வருடமாகச் செக்கப் போகவில்லை.

இந்த மாதமே போங்கள். இந்த ஆபரேஷனில் நுரையீரல் வால்வு பலருக்குக் கசியத் தொடங்கும். வலது கீழறை சத்தமில்லாமல் பெரிதாகும், பையன் பந்தாடிக்கொண்டே இருப்பான். அறிகுறி வரும்வரை காத்திருந்தால் வால்வு மாற்றுவதற்கு ஏற்ற காலம் தாண்டிவிடலாம். ‘சரி செய்தாயிற்று’ வேறு, ‘முடிந்துபோயிற்று’ வேறு. எக்கோ, ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., ஆயுள் முழுக்க.

மகளுக்கு மூன்று வயதில் ஏ.எஸ்.டி. (இதய மேலறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை) அடைத்தது. இப்போது எட்டு. எக்கோ நார்மல். விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டுப் பள்ளிக்குச் சான்றிதழ் தர மருத்துவர் மறுக்கிறார். நியாயமா?

அந்த மருத்துவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இந்தச் சான்றிதழைக் கேட்டு என்னிடமும் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். நான் மறுத்ததால் ஒரு தந்தை கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்செலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை கைக்குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்தலையிலும் இடுப்பிலும் கை கொடுத்து அள்ள வேண்டும். பெரிய குழந்தை சைக்கிள் ஓட்டக் கூடாது, மரம் ஏறக் கூடாது. சரி, அதற்கப்புறம்? உங்கள் மகளைப் போல ஓட்டை முழுவதும் அடைபட்டு, நுரையீரல் அழுத்தமும் இதயத் துடிப்பும் சரியாக இருந்தால் எந்தத் தடையும் இல்லை. ஓடலாம், நீந்தலாம், போட்டியில் தோற்று அழலாம்.

உண்மையில் கட்டுப்பாடு வேண்டியவர்கள் கொஞ்சம் பேர்: வால்வு இன்னும் கணிசமாகச் சுருங்கி இருப்பவர்கள், துடிப்புக் கோளாறு உள்ளவர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மோதி விளையாடும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். ஃபான்டன் ஆபரேஷன் (ஒரே கீழறை மட்டும் வேலை செய்யும் இதயத்துக்குச் செய்வது) ஆன குழந்தைகளையே நாங்கள் நடக்க, ஓடச் சொல்கிறோம். அவர்களுக்கு நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் அறை தனியாகக் கிடையாது. கால் தசை இறுகித் தளரும்போது ரத்தம் மேலே போக அது உதவுகிறது.

உட்கார வைத்த குழந்தைகளை 12, 13 வயதில் பார்க்கிறேன். எடை கூடியிருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பெற்றோர் இதயத்தைச் சந்தேகித்து ஓடி வருவார்கள். எக்கோ சுத்தமாக இருக்கும். பழக்கமில்லாத உடம்பு, அவ்வளவுதான். அதைவிட மோசம், தான் உடையும் பொருள் என்று அந்தக் குழந்தையே நம்பிவிடுவது. அறுவை செய்தவர் ஓட்டையை அடைத்தார், வீட்டில் குழந்தையையே அடைத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். இரண்டு நாளாக லேசான காய்ச்சல், நெஞ்சு வலிக்கிறது என்கிறான். பாராசிட்டமால் தரலாமா?

கடிதம் எழுதிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். தையல் போட்ட இடத்தில் தொற்று இருக்கலாம், இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டிய விஷயம் இது.

பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

ஒட்டுத்துணியோ டிவைஸோ (ஓட்டையை மூடும் சிறு கருவி) வைத்து அடைத்திருந்தால் முதல் ஆறு மாதம் வேண்டும். அதற்குமேல் கசிவு இல்லையென்றால் வேண்டாம். செயற்கை வால்வு உள்ளவர்கள், ஒட்டின் ஓரத்தில் கசிவு உள்ளவர்கள், முன்பு இதய உட்சுவரில் தொற்று வந்தவர்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் இன்னும் நீலம் பாய்கிறவர்கள் ஆகியோருக்கு ஒவ்வொரு முறையும் வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு ஒரே ஒரு வேளை. பல் மருத்துவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். ஆனால் தினமும் இரண்டு வேளை பல் துலக்காத குழந்தையை இந்த ஒரு வேளை மருந்து காப்பாற்றாது.

பெருந்தமனி வளைவில் ஆபரேஷன். அழுகைச் சத்தம் கம்மிவிட்டது, பால் குடிக்கும்போது இருமுகிறாள்.

குரல் நாணுக்குப் போகும் நரம்பு அந்த வளைவை ஒட்டியே சுற்றிச் செல்கிறது. அது பாதிக்கப்பட்டிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்க்கட்டும். பால் நுரையீரலுக்குள் போனால் எடையும் ஏறாது, நிமோனியாவும் வரும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடுகிறது.

இரண்டு வயதாகிறது, ஐந்தாறு வார்த்தைதான். “இதயக் குழந்தை தாமதமாகத்தான் பேசும்” என்கிறார் மாமியார்.

இதயக் குழந்தை என்பதாலேயே காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பேச்சும் கவனமும் பின்தங்க வாய்ப்பு அதிகம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள், அப்புறம் பேச்சுப் பயிற்சி.

நெஞ்செலும்பில் போட்ட கம்பியை எப்போது எடுப்பார்கள்?

எடுக்க மாட்டார்கள். தொந்தரவு தந்தாலொழிய அது அங்கேயே இருக்கும்.