அச்சில் ஒரு மெட்டு, கிளேரில் வேறு மெட்டா?

ஓ'நீலின் 1903ஆம் ஆண்டு ஐரிஷ் மெட்டுத் தொகுப்பைப் பார்த்து டின் விசிலில் (சிறிய உலோகக் குழலில்) ஒரு ரீல் (வேகமான நடன மெட்டு) கற்றதாகவும், அயர்லாந்தின் மேற்கிலுள்ள கிளேரில் ஒரு பப்பில் வாசித்தபோது அது அங்கு வாசித்த யாரோடும் ஒட்டவில்லை என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். நீங்களும் தவறாக வாசிக்கவில்லை, அவர்களும் தவறாக வாசிக்கவில்லை.

ஃபிரான்சிஸ் ஓ'நீல் அயர்லாந்தின் கார்க்கில் பிறந்து, சிகாகோ காவல்துறைத் தலைவரானவர். அவருக்கு ஸ்வரம் எழுத வராது. பிடில் கலைஞரான ஜேம்ஸ் ஓ'நீல் எழுதிக்கொடுத்தார். புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்களின் நினைவிலிருந்தும் பழைய அச்சுத் தொகுப்புகளிலிருந்தும் திரட்டிய 1850 மெட்டுகள் அப்படித்தான் நூலாயின. எவ்வளவு பெரிய கொடை! ஆனால் அச்சில் இருப்பது மெட்டின் எலும்புக்கூடு மட்டுமே. ரோல், கட் போன்ற விரல் அலங்காரங்களும், மூச்சு விடும் இடமும், தாளத்தின் அசைவும் காது வழியாகத்தான் கைமாறுகின்றன. அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டோனகல் பிடில்காரரின் வில்வீச்சு வேறு, கிளேரின் நடை வேறு.

ஆகவே நூலைச் சிறிது காலம் மூடிவையுங்கள். அனுமதி கேட்டு அந்தப் பப் கலைஞர்கள் வாசிப்பதைப் பதிவுசெய்து, வாயால் பாட வரும்வரை விசிலைத் தொடாதீர்கள். மூத்த கலைஞரிடம் "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் பதிலாக ஒரு கதையே வரும். மெட்டோடு ஆட்களையும் ஊர்களையும் சேர்த்தே அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

டப்ளினில் 1987 முதல் இயங்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் பல பதிவுகளை இலவசமாகக் கேட்கலாம். கிளேரைச் சேர்ந்த குழலிசைக் கலைஞர் வில்லி கிளான்சியின் வாசிப்பிலிருந்து தொடங்குங்கள். அவர் பெயரில் ஜூலைதோறும் கிளேரின் மில்டவுன் மால்பேயில் நடக்கும் கோடைப் பள்ளியில் டின் விசில் வகுப்பும் உண்டு.