பாயிங்க் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு 60 சதவீதத்தைத் தாண்டவில்லை. முழுதாக வேலை வாங்குவது எப்படி?

கேள்வியில் இருப்பது இதுதான்: விண்டோஸ் கணினி, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, வீட்டுக் கணினிகளின் சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் கணக்குகளுக்குக் கொடுக்கும் பாயிங்க் மென்பொருளில், வானியல் தரவை அலசும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம். கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, அவ்வப்போது பூஜ்யத்துக்கும் இறங்குகிறது. கூடவே 8 சிபியு கோர்களிலும் வேறொரு திட்டத்தின் டாஸ்க்குகள் (திட்டம் அனுப்பும் கணக்குத் துண்டுகள்) ஓடுகின்றன.

சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கார்டு சும்மா நிற்பதற்குப் பெரும்பாலும் கார்டு காரணமில்லை. அடுத்த கணக்கை எடுத்துக் கொடுக்க வேண்டிய சிபியு கோர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் பரிமாற ஆள் வராவிட்டால் இலை காலிதான்.

முதலில் அளவுகோலைச் சரிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் வழக்கமாகக் காட்டுவது 3டி வரைபடம். கணிப்பு வேலை அதில் சரியாகத் தெரியாது. வரைபடத்தின் தலைப்பை அழுத்தி 'கூடா' அல்லது 'கம்ப்யூட்' என்று மாற்றிப் பாருங்கள். அதைவிட, டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டுவது நல்லது. அதிலும் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். கார்டில் ஏதாவது ஒரு கணக்கு ஓடிய நேரம் எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, கார்டின் எல்லாப் பகுதிகளும் உழைத்தனவா என்பதைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் வாட் எண்ணைப் பாருங்கள். 3060-க்கு உச்சவரம்பு 170 வாட். சதவீதம் 98 காட்டியும் வாட் 100-ஐ ஒட்டி நின்றால், இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பாயிங்க்கின் ஈவென்ட் லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) தொடக்க வரிகளைப் படியுங்கள். கார்டின் பெயரோடு கூடா வரி ஒன்றும் ஓப்பன்சிஎல் வரி ஒன்றும் இருக்க வேண்டும் (இரண்டும் கார்டில் கணக்கு ஓட்டும் வழிகள்). உங்களுக்கு டாஸ்க் ஓடுவதால் இது தேறிவிட்டது. பயன்படுத்தத்தக்க ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) இல்லை என்று வருபவர்கள் டிரைவரை என்விடியாவின் தளத்திலிருந்து இறக்கி மறுபடி நிறுவ வேண்டும். பாயிங்க்கை விண்டோஸ் சர்வீஸாக (பின்னணியில் தானாக ஓடும் நிரலாக) நிறுவியிருந்தாலும் கார்டு அதன் கண்ணில் படாது. அதை நீக்கிவிட்டு, சர்வீஸ் தேர்வை டிக் செய்யாமல் நிறுவினால் சரியாகும். லினக்ஸில் 'பாயிங்க்' என்ற பயனரை வீடியோ, ரெண்டர் ஆகிய இரண்டு குழுக்களிலும் சேர்க்க வேண்டும், ஓப்பன்சிஎல் தொகுப்பும் நிறுவியிருக்க வேண்டும்.

பயன்பாடு பூஜ்யத்துக்கு இறங்குவதற்கு அமைப்புகளிலேயே ஒரு காரணம் இருக்கலாம். 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' பகுதியில், கணினியை யாராவது பயன்படுத்தும்போது ஜிபியு வேலையை நிறுத்தும் தேர்வு விண்டோஸில் முன்னிருப்பாகவே இயங்கும். மவுஸைத் தொட்டால் போதும், டாஸ்க் நின்றுவிடும். கடைசியாகத் தொட்டு 3 நிமிடம் கழிந்த பிறகே மறுபடி தொடங்கும். அப்படி நிற்கும் ஜிபியு டாஸ்க் நினைவகத்திலிருந்து நீங்கிவிடும், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடரும். இடையில் செய்த கணக்கு வீண். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மற்ற நிரல்கள் சிபியுவை அதிகம் எடுத்தால் நிறுத்தும் தேர்வையும் எடுத்துவிடலாம். சிபியு நேரத்தை 100 சதவீதமாகவே வையுங்கள். அதைக் குறைத்தால் பாயிங்க் விட்டுவிட்டு ஓடும்.

இனி கோர் விஷயம். என்விடியா கார்டில் ஓப்பன்சிஎல் நிரல் ஓடும்போது, கார்டு கணக்கை முடித்துவிட்டதா என்று சிபியு இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு டாஸ்க் ஒரு முழுக் கோரைச் சாப்பிடும். டாஸ்க் வரியில் '0.9 சிபியு + 1 என்விடியா ஜிபியு' என்பது போல இருந்தால் கவனியுங்கள். 1-க்குக் கீழே இருக்கும் எண்ணுக்குப் பாயிங்க் தனியாகக் கோர் ஒதுக்காது. 8 சிபியு டாஸ்க்குகளையும் ஓடவிட்டு, ஜிபியு டாஸ்க்கையும் அதே நெரிசலில் தள்ளிவிடும். நீங்கள் பார்க்கும் 60 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. சோதிக்க ஒரு நிமிடம் போதும்: சிபியு டாஸ்க்குகளில் இரண்டை சஸ்பெண்ட் செய்துவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள். உடனே ஏறினால் காரணம் அதுவேதான்.

நிரந்தரத் தீர்வுக்கு ஒரு சிறு கோப்பு எழுத வேண்டும். பெயர் ஆப்_கான்ஃபிக், பின்னொட்டு எக்ஸ்எம்எல். (இங்கே தமிழில் எழுதும் பெயர்களையெல்லாம் கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோட்டோடு தட்ட வேண்டும்.) இடம்: சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா' ஃபோல்டர், அதற்குள் 'பாயிங்க்', அதற்குள் 'புராஜெக்ட்ஸ்', அதற்குள் ஐன்ஸ்டைன் திட்டத்தின் ஃபோல்டர். புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். நோட்பேடில் சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், பாயிங்க் கோப்பைக் கண்டுகொள்ளாது. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

கோப்பின் அமைப்பு: எல்லாவற்றையும் சுற்றி ஆப்_கான்ஃபிக் டேக் (கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் பெயர்). அதற்குள் ஆப் டேக். ஆப்புக்குள் முதலில் நேம் டேக், அதில் நிரலின் பெயர். பிறகு ஜிபியு_வெர்ஷன்ஸ் டேக், அதற்குள் ஜிபியு_யூசேஜ், சிபியு_யூசேஜ் என்ற இரண்டு டேக்குகள். திறந்த ஒவ்வொரு டேக்கையும் மூட வேண்டும். முதலில் இரண்டிலும் 1 போடுங்கள். சேமித்துவிட்டு ஆப்ஷன்ஸ் மெனுவில் 'ரீட் கான்ஃபிக் ஃபைல்ஸ்' அழுத்தினால் போதும், மறுதொடக்கம் தேவையில்லை.

நிரலின் சரியான பெயர் தெரியாவிட்டால் நேம் டேக்கில் வாயில் வந்ததைப் போட்டு 'ரீட்' அழுத்துங்கள். அப்படி ஒரு நிரல் இல்லை என்று ஈவென்ட் லாக் சொல்லும், தனக்குத் தெரிந்த நிரல் பெயர்களையும் அதே இடத்தில் வரிசையாகக் கொடுக்கும். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு எண்களும் நிரலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. எத்தனை டாஸ்க்குகளை ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்று பாயிங்க் போடும் கணக்குக்கு மட்டுமே அவை. ஜிபியு_யூசேஜில் 0.5 போட்டால் கார்டில் இரண்டு டாஸ்க், 0.33 போட்டால் மூன்று. சிபியு_யூசேஜ் 1 என்பதால் இரண்டு டாஸ்க்குக்கு இரண்டு கோர்கள் ஒதுங்கும், மீதி 6 கோர்களில் மற்ற திட்டம் ஓடும். இதைச் செய்துவிட்டு, பிரிஃபரன்சஸில் சிபியு எண்ணிக்கையையும் 75 சதவீதமாகக் குறைத்துவிடாதீர்கள். அந்த 6-லிருந்து இன்னும் இரண்டு போய், சிபியு டாஸ்க்குக்கு 4 கோர்தான் மிஞ்சும்.

ஒரு டாஸ்க்குக்கு முழுக் கோர் கொடுத்தும் வாட் ஏறவில்லையென்றால்தான் 0.5-க்குப் போக வேண்டும். போனபின் கணக்கிட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, தனியாக ஓடும் டாஸ்க் 10 நிமிடத்தில் முடிந்தால் நாளுக்கு 144. இரண்டு சேர்ந்து 17 நிமிடம் எடுத்தால் ஒன்றுக்கு 8.5 நிமிடம், நாளுக்கு ஏறக்குறைய 169. லாபம்தான். மூன்று சேர்ந்து 27 நிமிடம் ஆனால் நாளுக்கு 160, அதாவது இரண்டைவிடக் குறைவு. சதவீதம் மூன்றில் 100-ஐத் தொட்டாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே டாஸ்க்குக்கே வாட் உச்சத்தைத் தொட்டுவிடும் நிரல்களில் இந்த வித்தையால் பயனில்லை.

நினைவகத்தையும் பாருங்கள். ஒரு டாஸ்க் எவ்வளவு எடுக்கிறது என்று என்விடியா-எஸ்எம்ஐ காட்டும். உங்கள் 12 ஜிபியில் திரைக்கும் பிரவுசருக்கும் ஒரு ஜிபியாவது விட்டுவிட்டு மீதியை அந்த அளவால் வகுங்கள். எத்தனை டாஸ்க்குக்கு இடம் இருக்கிறது என்று தெரியும். 4 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 0.5 போட்டால் டாஸ்க்குகள் நினைவகம் ஒதுக்க முடியாமல் வரிசையாகப் பிழையாகி விழும்.

இரண்டு டாஸ்க்குகளையும் ஒரே நொடியில் தொடங்கவிடக் கூடாது என்பது முக்கியம். ஐன்ஸ்டைனின் சில நிரல்களில் கடைசிப் பகுதி சிபியுவில் நடக்கும், அப்போது கார்டுக்கு வேலையே இருக்காது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் ஒன்றாகவே அந்தக் கட்டத்துக்கு வந்து, கார்டு மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கும். ஒன்றை சஸ்பெண்ட் செய்து வைத்து, மற்றது 50 சதவீதம் தாண்டியதும் விடுங்கள். டாஸ்க்குகள் ஒரே நீளமாக இருக்கும்வரை அந்த இடைவெளி தானாக நீடிக்கும். கலைந்தால் மறுபடி ஒருமுறை செய்ய வேண்டியதுதான்.

பழைய நிலைக்குத் திரும்ப நினைத்தால் கோப்பை அழிக்காதீர்கள். அழித்தாலும் பழைய எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிபியு_யூசேஜை 1 ஆக்கி மறுபடி 'ரீட்' கொடுங்கள்.

வேறு வேறு திறனுள்ள இரண்டு கார்டுகள் இருந்தால் பாயிங்க் வலுவானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சிசி_கான்ஃபிக் கோப்பில் யூஸ்_ஆல்_ஜிபியுஸ் டேக்கில் 1 போட்டு, பாயிங்க்கை முழுதாக மூடித் திறக்க வேண்டும். இந்தக் கோப்பின் இடம் பாயிங்க் ஃபோல்டர், திட்டத்தின் ஃபோல்டர் அல்ல.

170 வாட் நாள் முழுதும் என்றால் கார்டுக்கு மட்டும் 4 யூனிட்டுக்குச் சற்று மேல். தமிழ்நாட்டின் இருமாத பில்லில் அது ஏறக்குறைய 245 யூனிட், உங்களை மேல் அடுக்குக் கட்டணத்துக்குத் தள்ளிவிடக்கூடும். என்விடியா-எஸ்எம்ஐயில் பவர் லிமிட்டை 130 வாட்டாக்கிப் பாருங்கள் (நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்க வேண்டும்). வேகம் பொதுவாக வாட் குறைந்த அளவுக்குக் குறையாது. கோடையில் கார்டுக்கும் நல்லது.

எல்லாம் முடிந்தபின் ஒரு வாரம் திட்டத்தின் தளத்தில் உங்கள் கணினியின் டாஸ்க் பட்டியலைப் பாருங்கள். 'இன்வேலிட்', 'எரர்' எண்கள் ஏறினால் ஓவர்கிளாக்கை (கார்டை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பை) எடுங்கள், பிறகு டாஸ்க் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே வேலையை வேறொருவர் கணினியும் செய்து, இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். 2010-இல் அரெசிபோ தொலைநோக்கியின் தரவில் புதிய பல்சார் (சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக அலைகளை அனுப்பும் நட்சத்திரம்) ஒன்று சிக்கியபோது அமெரிக்காவின் அயோவாவிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து பெயர் பெற்றது அதனால்தான். உங்கள் கார்டு தப்பாகக் கணக்கிட்டால் மூன்றாவதாக ஒருவர் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.