பழத்தோட்டத்தில் அந்தக் காலத்து மருந்தடிப்பு: கேள்வி பதில்

கேள்வி: போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து திருட்டைத் தடுக்கப் பிறந்தது என்கிறார்களே ஐயா, உண்மையா?

உண்மைதான். பிரான்சின் மெடோக் பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க, மயில்துத்தத்தையும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பையும் கரைத்துக் கொடியில் தெளித்து வைப்பார்கள். நீலம் பாரித்த இலையைப் பார்த்தால் யார் கை வைப்பார்? 1882இல் அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் அண்டாததைப் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார்.

கேள்வி: நான் அதைக் கலந்து அடித்தால் இலை கருகுகிறது.

பெரும்பாலும் சுண்ணாம்பு போதாமல்தான். ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியை முக்கி எடுங்கள்; செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய மருந்துகள் தீங்கில்லாதவைதானே?

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. ஆப்பிளைத் துளைக்கும் புழுவுக்கு அமெரிக்காவில் முதலில் அடித்தது 'பாரிஸ் பச்சை'. செம்போடு ஆர்சனிக் என்ற நஞ்சு சேர்ந்தது. 1892இல் ஈய ஆர்சனேட் வந்தது. இலையைக் கருக்காது, மழையிலும் எளிதில் கரையாது என்று கொண்டாடினார்கள். அந்த ஒட்டும் குணமே பிறகு வினையானது. புழு தாக்குப்பிடிக்கப் பழகியது, அடிக்கும் தடவை கூடியது, பழத்தை நீர்த்த அமிலத்தில் கழுவி விற்க வேண்டியதாயிற்று. ஈயமும் ஆர்சனிக்கும் மக்குவதில்லை. பழைய ஆப்பிள் தோட்டங்களின் மேல்மண்ணில் இன்றும் கிடக்கின்றன. அப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டுவதானால் மண்ணைச் சோதியுங்கள். குழந்தைகள் மண்ணைத் தொட்ட கையை வாயில் வைப்பார்கள்.

கேள்வி: பூச்சி மருந்துக்குப் பழகுவது டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்குப் பிறகு வந்த சிக்கலா?

இல்லை. பழமரங்களின் சாற்றை உறிஞ்சும் சான் ஜோஸ் செதில் பூச்சி கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் சாகாமல் பிழைப்பதை, டிடிடி வருவதற்கு வெகு முன்பே, அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914இலேயே எழுதிவிட்டார்.

கேள்வி: டிடிடி அடித்த தோட்டத்தில் சிலந்திப்பேன் பெருகியது ஏன்?

அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளும் செத்துவிட்டன.

கேள்வி: தாத்தாவின் கொட்டகையில் பெயர் அழிந்த டப்பா, உள்ளே ஏதோ தூள். தூக்கி எறியலாமா?

வேண்டாம், திறக்கவும் வேண்டாம். ஈய ஆர்சனேட் வெள்ளைத் தூள். மாவென்று ஏமாறாதிருக்க இளஞ்சிவப்புச் சாயம் கலந்ததும் உண்டு. அதை அசைக்காமல் கொட்டகையைப் பூட்டிவிட்டு, நச்சுக் கழிவு வாங்கும் உள்ளூர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.